நத்தாருக்கு ஒரு தமிழ் நாவல் தாருங்கள்

நவம்பர் கடைசியில் மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள பழைய புத்தகக் கடைகளுக்குப் போனால் நான் தேடுவது ஒரேவகைப் புத்தகத்தைத்தான். அட்டையில் பனி மூடிய கூரை, மஞ்சள் வெளிச்சம் தெரியும் யன்னல், கதவில் இலை வளையம். உள்ளே ஒரு சின்ன ஊர், மூடப்போகும் நிலையில் ஒரு பேக்கரியோ புத்தகக் கடையோ, நகரத்தில் மனம் நொந்து ஊர் திரும்பும் ஒரு பெண். நத்தாருக்கு முதல் நாள் இரவுக்குள் எல்லாம் சரிவந்துவிடும். ஓய்வுபெறும்வரை ஆங்கிலம் படிப்பித்த நான் டிசம்பர் முழுக்க இவற்றைத்தான் வாசிக்கிறேன், விருப்பத்தோடு வாசிக்கிறேன். அந்த வாசிப்புக்காக வாதாடவும், எங்கள் பதிப்பாளர்களிடமும் பத்திரிகை ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கவுமே இதை எழுதுகிறேன்.

பம்பலப்பிட்டியில் பனி ஏது? தென்மேல் பருவக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிக் கிடக்கும் மாதம் இது. மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைக்கலாம், எங்கள் குளிர் அவ்வளவுதான். விடியற்புறம் கதிரேசன் கோயில் பக்கமிருந்து திருவெம்பாவைப் பூசை மணி கேட்கும். பின்னேரம் லோரிஸ் வீதி மரியன்னை ஆலயத்தில் பாடகர் குழு ஒத்திகை பார்க்கும். காலி வீதிக் கடைக் கண்ணாடிகளில் பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டியிருப்பார்கள்.

எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டுக்காரர் சைவர்கள். அவர்களுடைய மகளுக்கு வங்கியில் வேலை. விடிய இருட்டோடு பஸ் பிடித்து, இருட்டிய பிறகு வீடு வந்து சேரும் பிள்ளை. டிசம்பர் வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைத் தட்டுவாள். "ரீச்சர், பனி கொட்டுற புத்தகம் வேறை ஏதும் இருக்கோ?" ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டு, அட்டை மடங்காமல் கொண்டுவந்து தருவாள். போன நத்தாருக்கு முன் ஒருநாள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "ஏன் ரீச்சர் தமிழில இப்பிடி ஒண்டும் இல்லை?" என்றாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் விடவில்லை.

இலக்கியக் கூட்டங்களில் இந்த வகை நாவலுக்கு மரியாதை இல்லை என்பது எனக்குத் தெரியும். முடிவு முதற் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, அதை எதற்கு வாசிப்பது என்று கேட்பார்கள். நான் இளவாலைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஞானசவுந்தரி கதை எங்கள் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. சிற்றன்னையின் சூழ்ச்சியால் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்டவள் அவள். மாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுவாள், பிரிந்த கணவனோடு சேர்வாள். இது அம்மம்மாவுக்கு மனப்பாடம். கைகளை வெட்டும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுவா. கைகள் திரும்ப வரும் இடத்தைப் பார்க்கவென்றே பாயில் குந்தியிருந்து விடியும்வரை நித்திரை முழிப்பா. எஸ்தாக்கியார் கூத்தும் அப்படித்தான், சிதறிப்போன குடும்பம் கடைசியில் ஒன்றுசேரும் கதை. முடிவு தெரிந்த கதையில் மனம் பதறாமல் பாத்திரங்களின் பக்கத்தில் இருக்கலாம். அடுத்து என்ன நடக்குமோ என்ற பயம் வாழ்க்கையிலேயே தாராளமாக உள்ளவர்களுக்கு அது பெரிய கொடை.

இப்படிப்பட்ட கதை வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்பதும் சரியல்ல. இந்த வகைக்கே தாய் என்று சொல்லத்தக்கது சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்மஸ் கரோல்’. அது 1843 டிசம்பர் 19 அன்று வெளியானது. பிரித்தானியாவில் வேலையில்லாமலும் பாண் வாங்க வழியில்லாமலும் சனம் தவித்த காலம் அது. சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றிய அரச ஆணைக்குழு அறிக்கை டிக்கன்ஸை உலுக்கியது. அந்த வருடமே இலண்டனில் தெருப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி ஒன்றையும் போய்ப் பார்த்தார். கோபத்தில் முதலில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் நினைத்தார். பிறகு, கதை என்றால் அதைவிட ஆழமாக அடிக்கும் என்று தீர்மானித்து ஆறு வாரங்களில் இதை எழுதி முடித்தார். 6,000 பிரதிகள் நத்தாருக்கு முதல் நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன.

வகுப்பில் இந்தக் கதையைப் படிப்பிக்கும்போது நான் தவறாமல் போடும் கணக்கு ஒன்று உண்டு. கதையில் வரும் ஏழை எழுதுவினைஞன் பொப் கிரற்சிற்றின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க அவன் வாரச் சம்பளத்தில் மூன்றிலொன்றைக் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சம்பளத்தை மனதில் வைத்துக் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரியும். இன்று கொழும்பில் புதிதாக இறக்குமதியாகும் ஆங்கில நாவல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளை என் கதவைத் தட்டுவதற்கும் நான் மருதானைக்குப் போவதற்கும் காரணம் இதுவே.

ஆனால் விலையைவிட எனக்கு உறுத்துவது தமிழில் அந்தத் தட்டே வெறுமையாகக் கிடப்பது. ஈழத்துத் தமிழ் நாவலுக்குக் கிறிஸ்தவ வீடு புதிதல்ல. 1914இல் மங்களநாயகம் தம்பையா ‘நொறுங்குண்ட இருதயம்’ எழுதினார். எங்கள் நாட்டில் தமிழில் நாவல் எழுதிய முதற் பெண் அவர், கிறிஸ்தவப் பெண். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் நாவல்களும் வருவது குறைந்தபோது, வீரகேசரி நிறுவனம் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை மலிவுப் பதிப்பாக வரிசையாக வெளியிட்டது. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ இரண்டும் அப்படி 1973இல் வந்தவை. ‘வாடைக்காற்று’ நெடுந்தீவில் வாடி போடும் கடற்றொழிலாளரின் கதை. வாடை வீசும் மாதங்களில்தான் எங்களுக்கு நத்தார் வருகிறது. இந்தப் புத்தகங்களைப் பஸ்ஸிலும் ரயிலிலும் சனம் வாசித்ததைக் கண்ணால் கண்டவள் நான். தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்களால் வாசகரையும் எழுத்தாளரையும் ஒருங்கே உருவாக்க முடிந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு ஏன் இந்த வெறுமை? ஒரு காரணம் எங்கள் நல்ல மரபிலேயே இருக்கிறது. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்தும் அதை நடத்தினார். சாதிக் கொடுமையை, சுரண்டலை, ஏழைகளின் பாட்டை எழுத்தில் வைக்கச் சொல்லித் தந்த மரபு அது. அதற்கு நான் கடமைப்பட்டவள். அதன் பிறகு போர், இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால். எழுதாமல் விட்டால் பாவம் என்ற நிலையில் எங்கள் எழுத்தாளர்கள் எழுதினார்கள். அந்தப் பாரத்தின் முன்னால் ஆறுதற் கதை எழுதுவது குற்றம்போல ஆகிவிட்டது. துயரத்தை எழுதும் ஒருவர் அடுத்த வருடம் ஒரு சந்தோஷமான கதையும் எழுதலாம் என்று நாங்கள் அவருக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை எனக்குக் காட்டியது ரோஸமண்ட் பில்ச்சரின் ‘விண்டர் சொல்ஸ்டிஸ்’. 2000இல் வந்த அந்த நாவல்தான் அவர் கடைசியாக எழுதியது. ஒஸ்கார் என்ற வயதானவர் மனைவியையும் சின்ன மகளையும் ஒரே கார் விபத்தில் பறிகொடுக்கிறார். எல்ஃபிரிடா என்ற முன்னாள் நடிகை அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்கொட்லாந்தின் வட கோடியில் ஒரு பழைய வீட்டுக்குப் போகிறாள். காதல் முறிந்த ஒருத்தி அங்கே வந்து சேர்கிறாள். அவளோடு, பெற்ற தாய் பெரிதாகக் கவனிக்காத பதினான்கு வயதுப் பிள்ளையும் வருகிறாள். வீடு பார்க்க வந்த ஒருவனைப் பனி வீதியை மறித்து அங்கேயே நிறுத்திவிடுகிறது. வீடு நிறைந்த ஐந்து பேரும் ஒரே குடும்பத்தவர் அல்ல. ஆளாளுக்கு ஒரு இழப்பு. நத்தார் மரம் வாங்குகிறார்கள், சமைக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள். செத்தவர்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் ஒஸ்கார் மறுபடி கோயிலுக்குள் காலடி எடுத்து வைக்கிறார். அதை வாசித்து முடித்த இரவில், இந்த வீடு எனக்குத் தெரிந்த வீடாயிற்றே என்று நினைத்தேன்.

உண்மையாகவே தெரியும். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் இருந்தோம். வன்னி, வவுனியா என்று அலைந்து, மறு வருடம் கொழும்புக்கு வந்தபோது முதற் தங்கல் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். அந்தக் காலத்து லொட்ஜ்கள் எப்படி என்று இந்தப் பத்திரிகையின் வாசகர் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அறையில் குடும்பம் முழுக்க. சூட்கேஸ்கள் கட்டிலுக்குக் கீழே. பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் கைப்பையில். பின்னேரமானால் கீழேயுள்ள கொமினிகேசனில் கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ அழைப்பு வருமென்று ஆண்களும் பெண்களும் வாங்கில் காத்திருப்பார்கள். விசா வந்தவர் போவார், அந்த அறைக்கு அடுத்த நாளே வேறு ஊர்ச் சனம் வரும்.

அந்த டிசம்பரில், மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு குடில் கட்டினோம். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி மண்ணிறத் தாள் ஒட்டினோம். வைக்கோலுக்கு என்ன செய்வதென்று நின்றபோது, மேல் மாடியில் இருந்த மன்னார்ப் பொடியன் பழக்கடையில் அப்பிள் பெட்டிக்குள் வரும் தாள் சுருளை அள்ளிக்கொண்டு வந்தான். சொரூபங்கள் யாரிடமும் இல்லை. ஒரு பாலன் சொரூபம் மட்டும் இருந்தது. குருநகரிலிருந்து வந்த கிழவி அதைச் சேலைத் துண்டில் சுற்றி, நிலப் பத்திரங்களோடு சேர்த்து அத்தனை தூரமும் கொண்டுவந்திருந்தா. விரல் ஒன்று உடைந்த சொரூபம். மாதாவையும் சூசையப்பரையும் பிள்ளைகள் மட்டையில் கீறி வெட்டி நிறுத்தினார்கள். கரவெட்டி அம்மா ஒருவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்து பார்த்துவிட்டு, தன்னுடைய குத்துவிளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தா. "பிள்ளை இருட்டில கிடக்கக் கூடாது" என்றா. அறைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது என்பது அங்கே சட்டம். முகாமையாளர் அன்றைக்கு மட்டும் கண்டுங்காணாமல் விட்டார். மின்னடுப்பு ஒன்றில் முறைவைத்து முறுக்குச் சுட்டோம். நடுச்சாமப் பூசைக்குப் போகும் வழியில் காவலரணில் மறித்தார்கள். துண்டுகளைக் காட்டினோம், விட்டார்கள்.

அந்த மாடிப்படி எங்கள் இனத்தின் நத்தார் நாவல். வன்னியும் மன்னாரும் கரவெட்டியும் குருநகரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த வீடு. யாருக்கு முதலில் விசா வரும், மன்னார்ப் பொடியன் இரண்டாம் மாடிப் பிள்ளைக்கு என்ன சொல்வான், கிழவியின் மகன் தொலைபேசி எடுப்பானா என்று மூன்று கேள்விகளை வைத்து ஒரு கெட்டிக்கார எழுத்தாளர் இருநூறு பக்கம் எழுதலாம். கடைசி அத்தியாயத்தில் அந்த அழைப்பு வரட்டும். உண்மையில் வந்தது என்பதால் சொல்கிறேன். ஜனவரியில் வந்தது, நாவலாசிரியர் அதை நத்தாருக்கு முதல் நாளுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

டிசம்பருக்கு எங்கள் நாட்டில் வேறு நினைவுகளும் ஏறிக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலையில் நத்தார் உடுப்போடு ஞாயிறு பூசைக்குப் போன பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. 2005 நத்தார்ப் பூசையில், மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள் வைத்தே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். 2019 உயிர்த்த ஞாயிறில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பிறகு, அந்த வருட நத்தாருக்குப் பைகளைத் திறந்து காட்டியே பூசைக்குள் போனோம். இவற்றை மறக்கச் சொல்லி எந்த நாவலும் கேட்காது, கேட்டால் நானே தூக்கி எறிவேன். இத்தனையும் தெரிந்த சனம்தான் எரியும் விளக்குக்குப் பக்கத்தில் இருந்து ஒரு நல்ல கதை கேட்க ஆசைப்படுகிறது. அந்த ஆசைக்குச் சுவை தெரியாதவர்கள் என்று பெயர் வைப்பது அநியாயம்.

ஐஸ்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதிப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு, தாளுக்குக் கட்டுப்பாடு குறைவு. வேறு பரிசு வாங்க வழியில்லாத சனம் நத்தாருக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தது. 1944 தொடக்கம் பதிப்பாளர் சங்கம் புதுப் புத்தகங்களின் பட்டியலை அச்சிட்டு வீட்டுக்கு வீடு அனுப்பத் தொடங்கியது. 24ஆம் திகதி இரவு புத்தகத்தைப் பிரித்து அன்றிரவே வாசிக்கத் தொடங்குவது இன்று அந்த நாட்டின் வழக்கம். மொத்தச் சனத்தொகை நான்கு இலட்சத்தைத் தொடாத நாடு அது. இலங்கைத் தமிழர் அதைவிடப் பல மடங்கு. புலம்பெயர்ந்தவர்களையும் சேர்த்தால் கேட்க வேண்டாம். 2022இல் தாள் இல்லாமல் எங்கள் பள்ளிக்கூடப் பரீட்சைகள் தள்ளிப்போனதையும், பத்திரிகைகள் சில பதிப்புகளை நிறுத்தியதையும் கண்டவர்கள் நாங்கள். தட்டுப்பாட்டின் அருமை தெரிந்தவர்களுக்குப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுப்பதன் அருமையும் தெரிய வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். திருவருகைக் காலத்துக்கு நான்கு ஞாயிறுகள். ஞாயிறு இதழ்கள் அந்த நான்கு வாரமும் ஒரு குறுநாவலைத் தொடராகப் போடட்டும். நத்தார் மலரில் ஆயர்களின் செய்திகளுக்கும் வாழ்த்து விளம்பரங்களுக்கும் பக்கத்தில் கடைசிப் பகுதி வரட்டும். தொடர் முடிய முன்பே பதிப்பாளர் அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வைக்கட்டும். எங்கள் பதிப்பாளர்கள் செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்காக உழைக்கிறார்கள். அதில் பாதி உழைப்பு டிசம்பருக்குப் போதும். வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகம் பத்துப் பிரதி வாங்கி வைத்தால், காசில்லாதவரும் வாசிப்பார்.

எழுத்தாளர்களுக்கும் ஒரு வாசகியாக என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். பனி வேண்டாம். ஸ்காபரோவில் நடக்கும் கதை என்றால் மட்டும் வரட்டும். அங்கேயும் விடியற்காலையில் காரை மூடிய பனியை வழித்துவிட்டு வேலைக்கு ஓடும் எங்கள் மருமக்களின் பனியாக இருக்கட்டும். இங்கே நடக்கும் கதை கொட்டாஞ்சேனையில் தொடங்கலாம். டிசம்பர் 13 புனித லூசியாளின் திருநாள், பேராலயமே அவர் பெயரில் இருக்கிறது. அன்று தொடங்கி 24 இரவில் முடியும் பன்னிரண்டு நாள் கதை. கேக்குக்குப் பழம் வெட்டும் இரவு ஒரு முழு அத்தியாயமாக வேண்டும். மேசை நிறைய முந்திரிகை வத்தல், சௌசௌ, பூசணிப் பாகு, கஜு. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் ஒரு கத்தி. சின்னதாக, இன்னும் சின்னதாக வெட்டச் சொல்லி அதட்டும் ஒரு பெரியம்மா. ரவை வறுபடும் வாசம். பிராந்திப் போத்தலை யார் திறப்பது என்ற வழக்கு. குடும்பத்தில் மறைத்து வைத்த விஷயமெல்லாம் வெளியே வருவது அந்த இரவில்தான், ஏனென்றால் கை ஓடும்போது வாயும் ஓடும். பயற்றம் பணியாரமும் முறுக்கும் அடுக்கிய தட்டு பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கும் எதிர்த்த சிங்கள வீட்டுக்கும் போய், வேறு பலகாரத்தோடு திரும்பி வரட்டும். வெறுந் தட்டாகத் திரும்பாது என்பது வாசகருக்குத் தெரியும். அதை எழுதினால் போதும், ஒற்றுமை பற்றி யாரும் வசனம் பேச வேண்டியதில்லை.

புத்தகம் டிசம்பர் முதல் வாரத்திலேயே கடைக்கு வந்துவிட வேண்டும். செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் வாசலோரத் தட்டில், கண்ணுக்கு நேராக. இருபதாம் திகதிக்குப் பிறகு வந்தால் பிரயோசனம் இல்லை. அதற்குள் ஊருக்குப் போகிறவர்கள் யாழ்தேவிக்கு ஆசனம் பதிந்திருப்பார்கள், பயணத்துக்குக் கையில் என்ன புத்தகம் என்பதையும் தீர்மானித்திருப்பார்கள். என் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு நான் முற்பணமாகவே இரண்டு பிரதிக்குக் காசு எடுத்து வைக்கிறேன். ஒன்று அவளுக்கு, மற்றது அவள் வங்கியில் பக்கத்து இருக்கையில் இருக்கும் சிநேகிதிக்கு.